இட்லிப்பூவுக்கு ஆகாத சுண்ணாம்பு: தோட்டம் கேள்வி – பதில்

இட்லிப்பூ, விருட்சி, வெட்சி, தெச்சி எல்லாம் ஒரே செடிதான். காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாய்மண். அப்படிப்பட்ட செடி செட்டிநாட்டு வீடுகளில் ஏன் வெளுத்து நிற்கிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

பின்கட்டில் மதிலை ஒட்டி மூன்று சிவப்பு இட்லிப்பூச் செடிகள் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. புதிதாக வருகிற இலையெல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. யூரியா போட்டோம், சாணம் போட்டோம், முட்டை ஓடு நொறுக்கிப் போட்டோம். ஒன்றும் ஆகவில்லை. மதிலுக்குப் போன வருஷம் பழைய முறையில் சுண்ணாம்புப் பூச்சு பூசினோம். ஊற்றுவது போர் தண்ணீர். – வாசகி, கானாடுகாத்தான்

மஞ்சள் எந்த இலையில் தொடங்குகிறது என்று சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் காரணம் சொல்வது எளிது. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுதாக மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை என்று பொருள். நுனியிலுள்ள இளம் இலை வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சை வலையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. இதற்கு யூரியா போட்டுப் பலன் இல்லை. யூரியா புதிய தளிரைத் தள்ளும். அந்தத் தளிரும் மஞ்சளாகவே வரும்.

உங்கள் ஊர் செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதான். அந்த மண்ணில் நிற்கிற செடிக்கு இரும்பு கிடைக்காமல் போவதற்குச் சுண்ணாம்புதான் காரணம். இட்லிப்பூவுக்கு லேசான புளிப்பு மண் வேண்டும். மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவில் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5 முதல் 6 வரை இருந்தால் செழிக்கும், 6.5 வரை தாங்கும். 7-ஐத் தாண்டினால் மண்ணிலுள்ள இரும்பு கரையாத நிலைக்குப் போய்விடும். வேருக்குப் பக்கத்திலேயே இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. பூச்சு வேலை நடந்தபோது சிந்திய சுண்ணாம்பும், மழையில் மதிலிலிருந்து கரைந்து இறங்குவதும் மண்ணில் சேர்ந்திருக்கும். பழைய வீடுகளைச் சுற்றித் தோண்டினால் இடித்துப்போட்ட காரைக்கட்டிகளும் கிடைக்கும். இவற்றோடு போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளைப் படிவம் ஒட்டுகிறது அல்லவா, அதேதான். முட்டை ஓடும் சுண்ணாம்புதான். அதை உடனே நிறுத்துங்கள். அடுப்புச் சாம்பலும் வேண்டாம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். செடியின் அடியில் அரையடி ஆழத்திலிருந்து ஒரு கரண்டி மண் எடுத்து நிழலில் உலர்த்தி, அதன்மேல் வினிகர் ஊற்றுங்கள். காதருகே வைத்துக் கேளுங்கள். ‘சிஸ்’ என்று நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு தனியாகவே கலந்து கிடக்கிறது. நுரைக்கவில்லை என்றால் மண்ணைத் திருத்திவிடலாம்.

நுரைக்காத மண்ணுக்குக் கந்தகப் பொடி போதும். சதுர மீட்டருக்கு 50 முதல் 75 கிராம் வரை மேல்மண்ணில் கொத்திக் கலந்து தண்ணீர் விடுங்கள். கந்தகத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தான் அமிலமாக மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். மண் ஈரமாக இல்லாவிட்டால் அதுவும் நடக்காது. பத்து நாளில் பச்சை வரவில்லையே என்று மறுபடி போட்டால் வேர் கருகும்.

நுரைக்கிற மண்ணில் கந்தகத்தைக் கொட்டுவது வீண் செலவு. உருவாகிற அமிலத்தை எல்லாம் சுண்ணாம்பே தின்றுவிடும். அங்கே செடியை இடம் மாற்றுவதுதான் நல்லது. புரட்டாசிக் கடைசியில், முதல் மழை விழுந்து மண் இளகியதும் செய்யுங்கள். மதிலிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி, இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுங்கள். தோண்டும்போது வெள்ளைக் கட்டி கண்ணில் பட்டால் அந்த மண்ணை வெளியே கொட்டிவிடுங்கள். சுண்ணாம்பு இல்லாத செம்மண் இரண்டு பங்கு, மக்கிய இலைக்குப்பை ஒரு பங்கு, நன்றாக அலசிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு கலந்து, அதனுடன் 25 கிராம் கந்தகப் பொடி சேர்த்து நிரப்புங்கள். செடியில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, வேரைச் சுற்றி ஓரடி விட்டத்துக்கு மண்பந்தோடு சாயங்கால வேளையில் பெயர்த்து நடுங்கள். முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம்தான் இருக்க வேண்டும். தண்டை மண்ணால் மூடினால் கழுத்து அழுகும்.

மண் திருந்தும்வரை, அல்லது இடம் மாற்றும்வரை, செடிக்கு இலைவழியாக இரும்பு கொடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேளுங்கள். உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட் என்பார்கள். படிகம் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். காவி நிறம் ஏறியிருந்தால் பழசு, வேலை செய்யாது. ஒரு லிட்டர் மழைத்தண்ணீரில் முதலில் 1 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரையுங்கள் (அரை எலுமிச்சம்பழச் சாற்றை வடிகட்டி ஊற்றினாலும் சரி). அதன்பிறகு 5 கிராம் அன்னபேதியைப் போட்டுக் கலக்குங்கள். வரிசையை மாற்றினாலோ, போர் தண்ணீரில் கரைத்தாலோ கலவை சற்று நேரத்தில் பழுப்பாகக் கலங்கிவிடும். அப்படிக் கலங்கியதில் பாதி இரும்பு வீணாகியிருக்கும். சாயங்காலம், இலையின் இரண்டு பக்கமும் நனைய, பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை தெளியுங்கள். முதலில் இலையில் பச்சைத் திட்டுகள் தெரியும். அடுத்து வருகிற தளிர் சரியான நிறத்தில் வரும். இதைத் தெளிக்கும்போது பக்கத்தில் வெள்ளைச் சுவரோ ஆத்தங்குடித் தளமோ இருந்தால் சாக்கு போட்டு மூடிவிடுங்கள். ஒரு துளி விழுந்தாலும் துருக்கறை. தேய்த்தாலும் போகாது.

இடம் மாற்ற முடியாது. வாசல் படியின் இரண்டு பக்கமும் சிமெண்ட் தொட்டிக்குள் வைத்திருக்கிறோம். வேறு வழி? – வாசகர், பள்ளத்தூர்

உண்டு. இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) இரும்பு என்று கேட்டு வாங்குங்கள். கரும்பழுப்புக் குருணையாக இருக்கும். தண்ணீரில் போட்டால் இரத்தச் சிவப்பாகக் கரையும். சுண்ணாம்பு மண்ணிலும் இரும்பைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்து வேருக்குக் கொடுப்பது இந்த வகை. கடைக்காரர் விலை குறைவு என்று இ.டி.டி.ஏ. (EDTA) வகையைத் தருவார். பெயரில் எழுத்து வித்தியாசம் சிறியதுதான், ஆனால் அது உங்கள் மண்ணுக்குப் பயன்படாது, பி.எச். 7-க்கு மேல் பிடியை விட்டுவிடும். செடிக்கு 5 கிராம் வீதம் 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஏற்கெனவே ஈரமாக உள்ள மண்ணில் ஊற்றுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை போதும். தழைச்சத்துக்கு யூரியாவை விட்டுவிட்டு அம்மோனியம் சல்பேட்டுக்கு மாறுங்கள். மாதம் ஒருமுறை 10 கிராம், தண்ணீரில் கரைத்து. அது போகப்போக மண்ணையும் புளிப்பாக்கும்.

புளித்த மோர் ஊற்றினால் சரியாகும் என்று ஆச்சி சொல்கிறார்கள். உண்மையா? – வாசகி, தேவகோட்டை

ஆச்சி சொல்வதில் விஷயம் இருக்கிறது. புளிப்புதான் இந்தச் செடிக்கு வேண்டும். ஒரு பங்கு மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம், கெடுதல் இல்லை. சுண்ணாம்பு இல்லாத மண்ணில் புளிப்பை நல்லபடி வைத்திருக்க உதவும். காரைக்கட்டி கிடக்கிற மண்ணை அதனால் மாற்ற முடியாது. மோரில் உப்பு போட்டிருக்கக் கூடாது.

வீட்டு முற்றத்தில் தொட்டியில் வளர்க்க ஆசை. எந்த ரகம், எந்தத் தொட்டி? – வாசகி, ஆத்தங்குடி

குட்டை ரகம் எடுங்கள். நாற்றுப்பண்ணையில் ‘மினி இட்லிப்பூ’ அல்லது ‘சைனீஸ்’ என்பார்கள். இரண்டு மூன்று அடிக்குமேல் போகாது, இலை சிறியது, நெருக்கமாகக் கிளைக்கும். நாட்டுச் சிவப்பு ஆறடிக்கு மேல் எழும்பக்கூடியது. அதைத் தொட்டியில் அடைத்து வைத்து ஓயாமல் வெட்டுவது செடிக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். வாசமான வெள்ளை இட்லிப்பூ அதைவிடப் பெரிதாக வளரும், அதைத் தோட்டத்தில் வைக்கலாம். வாங்கும்போது இலையைப் பாருங்கள், பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள். பூ எப்படியும் உதிர்ந்துவிடும், மஞ்சள் நுனி இருந்தால் அது உங்களோடு வீட்டுக்கு வரும்.

தொட்டி 14 அங்குல மண்தொட்டி. புதுச் சிமெண்ட் தொட்டி வாங்கவே வேண்டாம். அதிலிருந்து சுண்ணாம்பு கசியும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் அடியை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றி, மூன்று வாரம் ஊறவைத்த பிறகு பயன்படுத்துங்கள். மண் கலவைக்குச் செம்மண், அலசிய நார்க்கழிவு, மக்கிய இலைக்குப்பை, ஆற்றுமணல் நான்கும் சம பங்கு. நார்க்கழிவை மூன்று தண்ணீரிலாவது அலச வேண்டும். அலசாததில் உப்பு இருக்கும். இலை ஓரம் காய்ந்துவிடும்.

முற்றத்தில் எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். இட்லிப்பூவுக்கு ஐந்து மணி நேர நேர்வெயிலாவது வேண்டும். குறைந்தால் இலை நிறைய வரும், பூ வராது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது தெற்குத் தாழ்வாரத்தின் நிழல் முற்றத்தில் விழும், வடக்கு ஓரத்தில்தான் வெயில் கிடைக்கும். அதனால் ஐப்பசியில் தொட்டியை வடக்கு ஓரத்துக்கு நகர்த்துங்கள். சித்திரை, வைகாசியில் தளம் கொதிக்கும். அப்போது தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி, தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டுங்கள். வேருக்குச் சூடு ஏறினால் ஈர மண்ணிலேயே செடி வாடும். வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றித்தான் பலர் அழுக வைத்துவிடுகிறார்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

தண்ணீர் உங்கள் வீட்டுக் கூரையிலிருந்தே கிடைக்கும். நான்கு பக்க ஓட்டுக் கூரையும் முற்றத்தில் தண்ணீர் விடுகிற மாதிரிதான் செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். முதல் மழையைக் கழுவிப் போக விட்டு, அதன்பிறகு விழுவதை அண்டாவிலோ பிளாஸ்டிக் தொட்டியிலோ பிடியுங்கள். ஒரு மினி இட்லிப்பூவுக்கு ஒரு வேளைக்கு ஒரு லிட்டர்தான் தேவை. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றிருந்தால் ஒரு செடியை மாதக்கணக்கில் வளர்க்கலாம். கொசு வராமல் வாயில் துணி கட்டிவிடுங்கள். மழைத்தண்ணீர் தீர்ந்தால் ஊருணித் தண்ணீர். போர் தண்ணீர் கடைசியில்தான்.

மாதம் ஒருமுறை கத்திரியால் அழகாக வெட்டி வேலி மாதிரி வைத்திருக்கிறோம். செடி ஆரோக்கியமாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை. – வாசகர், காரைக்குடி

வெட்டுகிறீர்களே, அதில்தான் பூ போகிறது. இட்லிப்பூ புதிய கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். வெட்டியபின் தளிர்த்து, முதிர்ந்து, மொட்டு வைத்துப் பூக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். மாதம் ஒருமுறை வெட்டினால் மொட்டுக்கு நேரமே கிடைக்காது.

பூக்கொத்து வாடியதும், கொத்துக்குக் கீழே இரண்டு ஜோடி இலை விட்டு, கணுவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டுங்கள். அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை வரும். அடுத்த முறை இரண்டு கொத்து. பெரிய கவாத்து வருஷத்துக்கு ஒன்று போதும், ஆடியில். மதில்போல நேராகத்தான் வேண்டும் என்றால் நாட்டு ரகத்தை எடுத்துவிட்டுக் குட்டை ரகத்தை ஒன்றேகால் அடி இடைவெளியில் நடுங்கள். வெட்டாமலே அந்த வடிவில் நிற்கும்.

இட்லிப்பூக் குச்சி வெட்டி ஊன்றினால் எல்லாம் கறுத்துப்போகிறது. – வாசகர், கோட்டையூர்

இளம்பச்சை நுனியை ஊன்றியிருப்பீர்கள். அது அழுகும். அடிமரம் மாதிரி முற்றியதும் வேண்டாம், அது வேர்விட வெகுநாள் ஆகும். பச்சை மாறி லேசாகப் பழுப்பேறிய, பென்சில் கனமுள்ள கிளையில், பூ இல்லாத நுனியாகப் பார்த்து ஐந்து அங்குலம் வெட்டுங்கள். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். கீழ் இலைகளை எடுத்துவிட்டு, மேலே உள்ள ஒரு ஜோடி இலையையும் பாதியாகக் கத்தரியுங்கள். வேர்விடும் பொடியில் அடியைத் தொட்டு, மணலும் நார்க்கழிவும் சரிபாதி கலந்த பையில் இரண்டு அங்குலம் ஊன்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை அடி வெட்டிக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். வேர் வந்ததா என்று நடுவில் இழுத்துப் பார்த்தால் அப்போதுதான் விட்ட மெல்லிய வேர் அறுந்துவிடும். புதிய தளிர் வந்து, லேசாக அசைத்தால் பிடிப்புத் தெரிகிறதா என்று பாருங்கள், போதும்.

இது சிரமமாகப் பட்டால் பதியன் போடுங்கள். தாழ்ந்த கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை மோதிரம்போலச் சீவி எடுத்து, அந்த இடத்தை மண்ணில் புதைத்து மேலே கல் வையுங்கள். ஆவணியில் போட்டால் மழைக்காலத்தில் பிரித்து நட்டுவிடலாம். தாய்ச்செடி சாப்பாடு கொடுத்துக்கொண்டே இருப்பதால் இதில் தோல்வி குறைவு.

இலையெல்லாம் கரிபூசின மாதிரி கறுப்பு. எறும்பும் ஊர்கிறது. – வாசகி, புதுவயல்

எறும்பு போகிற வழியைப் பின்தொடருங்கள். இலைக்காம்பின் இடுக்கிலும் இலையின் அடியிலும் மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கும். அது கசியவிடும் இனிப்பில்தான் கறுப்புப் பூசணம் படர்கிறது. எறும்பு அந்த இனிப்புக்காகப் பூச்சியைக் காவல் காக்கிறது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பூச்சியைக் கழுவுங்கள். மறுநாள் சாயங்காலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், அது கலக்கிற அளவு காதி சோப்புக் கரைசலும் சேர்த்து, முக்கியமாக இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். வாரம் ஒருமுறை மூன்று தடவை. உச்சி வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். சுவரிலோ பக்கத்துச் செடியிலோ உரசுகிற கிளைகளை வெட்டி எறும்பின் வழியையும் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூச்சி திரும்ப வரும். கறுப்பு, இலையைத் தின்னாது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

குழந்தைகள் பூவின் காம்பை இழுத்துத் தேன் உறிஞ்சுகிறார்கள். ஆபத்தா? – வாசகி, கண்டனூர்

இல்லை. பழுத்த கருஞ்சிவப்புப் பழத்தையும் தின்னலாம். ஆனால் மருந்து தெளித்த செடியாக இருக்கக் கூடாது. பக்கத்தில் அரளி நிற்கிறதா பாருங்கள். அது கடும் நஞ்சு. இரண்டும் வேறு என்று குழந்தைகளுக்குக் காட்டிக் கொடுத்துவிடுங்கள். இட்லிப்பூவுக்கு நான்கு இதழ், கொத்தாகப் பூக்கும், காம்பை ஒடித்தால் பால் வராது. அரளிக்கு ஐந்து இதழ், இலை நீளமாகக் கத்திபோல இருக்கும்.

நாங்கள் வெளியூரில் இருக்கிறோம். வீடு பூட்டியே கிடக்கும். காவல்காரர் வாரம் ஒருமுறைதான் தண்ணீர் விடுவார். இட்லிப்பூ தாங்குமா? – வாசகர், நாட்டரசன்கோட்டை

தரையில் வைத்து இரண்டு வருஷம் வேர் ஓடிய செடி தாங்கும். தொட்டிச் செடி தாங்காது. ஆகவே புரட்டாசி, ஐப்பசியில் தரையில் நடுங்கள். சித்திரையில் திருவிழாவுக்கு வந்தபோது நட்டுவிட்டுப் போகிற செடிதான் பெரும்பாலும் காய்கிறது.

நடும்போதே குழியின் அடியில் தேங்காய் மட்டைகளை, குழிந்த பக்கம் மேலே பார்க்க, ஒரு வரிசை அடுக்குங்கள். ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடுக்க வேண்டும். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொடுக்கும். செடியிலிருந்து ஓரடி தள்ளி, சுட்ட மண்பானை ஒன்றைக் கழுத்து வரை புதையுங்கள். பூச்சு, வண்ணம் இல்லாத பானையாக இருக்கட்டும். ஆறு லிட்டர் பிடித்தால் போதும். தண்ணீர் நிரப்பி மூடியால் மூடிவிட்டால், பானையின் சுவர் வழியாகக் கசிந்து மண் இழுக்கிற அளவுக்கு மட்டும் போகும். காவல்காரர் வருகிறபோது பானையை நிரப்பி, வேரைச் சுற்றி 15 லிட்டர் ஊற்றிவிட்டுப் போகட்டும். தண்டைத் தொடாமல் நான்கு அங்குலம் விட்டு, சுற்றிலும் மூன்று அங்குல உயரத்துக்குச் சருகு பரப்பச் சொல்லுங்கள். பங்குனி முதல் ஆனி வரை வாரத்துக்கு இரண்டு முறை வரச் சொல்ல முடிந்தால் பூவும் பார்க்கலாம். ஒருமுறைதான் என்றால் செடி பிழைக்கும், பூ மழைக்குப் பிறகுதான்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறபோது சுண்ணாம்பு வாளியைக் கழுவின தண்ணீரைச் செடிப் பக்கம் ஊற்றக் கூடாது.